சாபத்துக்கு முகவரி இருந்த காலம்

எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அரசாங்கங்கள் நடந்தன. திண்ணையும் தெருவும் அப்பாவின் ஆட்சியில்: கறுப்புச் சட்டை, கையில் விடுதலை நாளிதழ், மாலையில் சந்தைத்திடல் கூட்டம். அடுப்படியிலிருந்து கொல்லை வரை அப்பத்தாவின் ஆட்சி. அங்கே குழந்தை ஒருவேளை பால் குடிக்காவிட்டால் மருந்துக்கு முன்னால் மிளகாய் வரும். இரண்டு அரசுகளுக்கும் நடுவே சண்டை கிடையாது. அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்வரை அப்பத்தா பொறுமையாகக் காத்திருப்பாள், அவ்வளவுதான்.

காய்ந்த மிளகாய், கல்லுப்பு, கடுகு, கொஞ்சம் தெருமண். இவ்வளவுதான் சாமான். பிள்ளையைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, வலமும் இடமுமாகச் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவாள். நெடி வரவில்லையென்றால், "பாத்தியா, அம்புட்டும் கண்ணு" என்பாள். நெடி வந்து எல்லோரும் இருமினால், "இன்னங் கொஞ்சம் இருக்கு, நாளைக்கும் சுத்தணும்" என்பாள். எந்தத் தீர்ப்பிலும் தோற்காத ஒரு நீதிமன்றத்தை நான் முதலில் பார்த்தது எங்கள் அடுப்படியில்தான்.

இதில் முக்கியமான சாமான் மிளகாய் அல்ல, மண். அது ஏதோ ஒரு தெருமண்ணாக இருக்க முடியாது. முந்தின நாள் வந்து "புள்ள கொழுகொழுன்னு இருக்கானே" என்று சொல்லிவிட்டுப் போனவளின் காலடி மண்ணாக இருக்கவேண்டும். அதை அவள் பார்க்காதபோது கிள்ளி எடுத்துவர வேண்டும். எடுத்துவருவது என் வேலை. அப்பத்தாவின் வைத்தியத்தில் நோய்க்குப் பெயர் இருக்காது. நோயைக் கொடுத்தவருக்குப் பெயர், தெரு, கதவிலக்கம் எல்லாம் இருக்கும்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் தாயத்து விற்கிறவனைப் பிடித்துவைத்துக்கொண்டு, 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாந்திரீகப் பரிகார விளம்பரச் சட்டப்படி, நோய் தீர்க்கும் என்று சொல்லித் தாயத்தையும் மந்திரத்தையும் விளம்பரம் செய்வது குற்றம் என்று விளக்குவார். தாயத்துக்காரன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் பேசுறவுகளுக்குத்தான் எதிரி சாஸ்தி, ஒண்ணு கட்டிக்கங்க" என்பான். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963இல் அறிவித்த ஒரு லட்ச ரூபாய்ச் சவாலும் அப்பாவுக்கு மனப்பாடம். யாராவது அதிசய சக்தியை மோசடி இல்லாமல் நிரூபித்தால் பணம் அவருக்கு. கோவூர் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் நடத்திய வாத்தியார் என்பதை அப்பா தனிப் பெருமையோடு சொல்வார். அந்தப் பணத்தைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை. அப்பத்தா இதற்குச் சொன்ன விளக்கம்: "சக்தி உள்ளவனுக்குப் பணம் எதுக்கு?"

சித்தப்பாவின் மளிகைக்கடை படுத்தபோது இரு அரசுகளும் நேருக்கு நேர் மோதின. பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்று வீட்டுப் பெண்கள் முடிவு செய்தார்கள். கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்தார், சூடம் கொளுத்தினார், கொல்லையில் வேப்பமரத்தடியைத் தோண்டச் சொன்னார். பிறகு தானே குழிக்குள் கைவிட்டு ஒரு செப்புத்தகட்டை எடுத்தார். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வருசமா மண்ணுக்குள்ள கெடந்த தகடுங்கிறீக. ஒரு பொட்டுக் களிம்பு இல்லையே?"

கோடாங்கி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அம்புட்டுக் கடுமையான செய்வினைங்கய்யா. களிம்பே கிட்ட அண்டல."

கடை படுத்ததற்குக் காரணம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே தொங்கிய கடன் நோட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடன் வாங்கிய பாதி ஊரைப் பகைத்துக்கொள்வதைவிட ஒரு பங்காளியைப் பகைத்துக்கொள்வது சுலபம். கோடாங்கிக்கு ஒரு சேவல், ஒரு வேட்டி, கொஞ்சம் பணம். பங்காளி வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. அது திரும்பத் தொடங்கும்போது இரு வீட்டிலும் அடுத்த தலைமுறைக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

சாபம் வேறு, செய்வினை வேறு என்பதில் அப்பத்தா கறாராக இருந்தாள். செய்வினை திருட்டுத்தனம்; இருட்டில் செய்வது. சாபம் பட்டப்பகலில், சாமி சந்நிதியில், வழக்குப் போடுவது. எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் அதற்கு ஒரு தலைமை நீதிமன்றமே உண்டு. கொல்லங்குடியை அடுத்த அரியாக்குறிச்சியில் வெட்டுடையார் காளி. வேலுநாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்காமல் வெட்டுப்பட்ட உடையாளின் கதையை அந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்வார்கள். காட்டிக்கொடுக்காதவளின் வாசலில் காட்டிக்கொடுக்க வருகிறவர்கள் கூட்டம் எப்போதும் அதிகம். பொருளைத் திருடினவன், வாங்கின கடனை இல்லையென்று சொன்னவன், நிலத்தை வளைத்தவன் ஆகியோர்மீது மனக்குறை உள்ளவர்கள் அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். ஒரு நாணயத்தை இரண்டாகப் பிளந்து போட்டுவிட்டு நியாயத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டு வருவது. கொங்குப் பக்கம் ஆனைமலை மாசாணியம்மனிடம் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுவார்கள். பொய் வழக்குப் போட்டால் காசு வெட்டியவன் குடும்பத்தையே திருப்பி அடிக்கும் என்பதால், நியாயம் தன் பக்கம் இருக்கிறதா என்று பலதடவை யோசித்த பிறகுதான் கொல்லங்குடிக்குப் பஸ் ஏறுவார்கள்.

ஒருமுறை எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா காணாமல் போனது. அப்பா போலீசில் எழுதிக்கொடுத்தார். ஏட்டு வந்து, அண்டாவின் அடையாளத்தை விசாரித்து, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். அதன்பின் பல நாள் சத்தமே இல்லை. ஒரு காலையில் அப்பத்தா ஊர்க்கிணற்றடிக்குப் போய், குடத்தை இறக்காமலே பொதுவாக அறிவித்தாள்:

"வர்ற வெள்ளிக்கிழமை வெட்டுடையா கோயிலுக்குப் போறேன். அண்டா விசயமா."

மறுநாள் விடியும்போது அண்டா எங்கள் திண்ணையில் இருந்தது. புளிபோட்டு விளக்கி, திருட்டுப்போனபோது இருந்ததைவிடப் பளபளப்பாக.

"இது காளி இல்ல ஆத்தா, பயம்" என்றார் அப்பா.

"அந்தப் பயத்த ஒங்க ஏட்டு ஏன் குடுக்கல?" என்றாள் அப்பத்தா.

அந்தக் கேள்விக்கு எந்தக் கூட்டத்திலும் அவருக்குப் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பஸ் கட்டணமும் மிச்சம்.

இப்போது காலம் மாறிவிட்டது. நாங்கள் பகுத்தறிவின் மூன்றாம் தலைமுறை. என் மகள் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் மென்பொருள் எழுதுகிறாள். அவளுடைய ஃபிளாட்டில் பூஜையறை கிடையாது. அவள் தாத்தா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பூஜையறை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அலமாரி இருக்கிறது. அதில் இளஞ்சிவப்பாக எரியும் உப்புவிளக்கு, கறுப்புக் கல், புகைபோடுவதற்கு ஒரு கட்டு உலர்ந்த இலை, உப்பும் கிராம்பும் பட்டையும் போட்டு மெழுகால் மூடிய ஒரு குட்டிப் புட்டி.

"இது என்னம்மா, ரசப்பொடியா?" என்று கேட்டேன்.

"புரொட்டெக்‌ஷன் ஜார்ப்பா. நெகட்டிவ் எனர்ஜி வராம இருக்க."

"யாரோட நெகட்டிவ் எனர்ஜி?"

கேள்வி அவளுக்குப் புரியவில்லை. "யாரோடதும் இல்லப்பா. பொதுவா."

பொதுவா! அப்பத்தாவின் நாற்பது ஆண்டு அனுபவத்தில் பொதுவாக ஒரு கண்ணும் பட்டதில்லை.

மகள் என்னைக் கிளாஸ்டன்பரிக்கு அழைத்துப்போனாள். சாமர்செட்டில் சின்ன ஊர். கடைத்தெரு முழுக்க மந்திரக் கடைகள். காரியத்துக்கு ஒரு நிறம் என்று அடுக்கிய மெழுகுவர்த்திகள், மந்திரக்கோல்கள், சூனியப் பொம்மைகள், எதிரிக்கு ஒரு செட், எதிரியிடமிருந்து தப்பிக்க ஒரு செட். நம்மூரில் ஏவலுக்குப் போகிற மாந்திரீகர் வேறு, எடுப்பவர் வேறு. குறைந்தபட்சம் இரண்டு ஊரில் இருப்பார்கள். இங்கே இரண்டும் ஒரே கவுண்டரில், ஒரே பில்லில். வரிசையில் நின்றவர்கள் யாரும் பயந்தமாதிரித் தெரியவில்லை. சோப்பு வாங்குகிற முகத்தோடு சாபம் வாங்கினார்கள்.

இந்த நவீனச் சூனியத்தின் பிதாமகர் ஜெரால்ட் கார்ட்னர் என்று மகள் சொன்னாள். அவர் கதையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1884இல் லிவர்பூல் பக்கம் பிறந்தவர், பதினாறு வயதில் தேயிலைத் தொழில் கற்றுக்கொள்ளப் போனது இலங்கை மஸ்கெலியாவுக்கு. ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போன நம் சனங்கள் கொழுந்து பறித்த மலைகள். பிறகு போர்னியோ, மலாயா, ரப்பர்த் தோட்டம், சுங்க இலாகா. 1936இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, நியூ ஃபாரஸ்ட் காட்டில் பழங்கால மந்திரக் கூட்டம் ஒன்று தன்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். 1951இல்தான் பிரிட்டன் தன் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தை நீக்கியது. மூன்று ஆண்டு கழித்து அவர் புத்தகம் வந்தது. அதாவது 1954இல். தாயத்து விளம்பரத்துக்குத் தடைபோட்டு நம் பாராளுமன்றம் சட்டம் செய்த அதே வருடம், நம்மை ஆண்டவர்களின் தலைநகரில் ஒருவர் மந்திரத்துக்கு மறுவாழ்வு கொடுத்துக்கொண்டிருந்தார். இலங்கை மண்ணை மிதித்தவர்களில் கோவூர் சூனியத்தைப் பொய்யென்று நிரூபிக்கக் கிளம்பினார், கார்ட்னர் அதை மதமாக்கிவிட்டார். மார்க்கெட்டில் ஜெயித்தது யார் என்று கிளாஸ்டன்பரிக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் தெரியும்.

கார்ட்னர் வழி வந்தவர்கள் நல்லவர்கள். யாருக்கும் தீங்கில்லாமல் உன் இஷ்டப்படி செய் என்பது அவர்கள் விதி. செய்வது மூன்று மடங்காகத் திரும்பும் என்று இன்னொரு விதி. பொய்யாகக் காசு வெட்டியவன்மீது திரும்பும் என்று அப்பத்தா சொன்னதன் மறுபதிப்பு, வட்டி மட்டும் கூட. ஆனால் இளைய தலைமுறைச் சூனியக்காரர்களுக்கு இந்தச் சாத்வீகம் பிடிப்பதில்லை. தட்டிக்கேட்க வழியில்லாதவர்களின் கடைசி ஆயுதம் சாபம்தான், அதையும் பிடுங்காதே என்கிறார்கள். 2018 அக்டோபரில் நியூயார்க், புரூக்ளினில் ஒரு புத்தகக் கடையில் பத்து டாலர் டிக்கெட் போட்டுக் கூட்டம் கூட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதி பிரெட் கவனாவுக்குச் சூனியம் வைத்தார்கள். டிக்கெட் தீர்ந்துபோனது. நீதிபதி இன்றும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். அப்பத்தாவிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் காரணம் சொல்லியிருப்பாள்: சாபம் வேலை செய்ய வேண்டுமென்றால், சபிக்கப்படுகிறவனும் அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவனாக இருக்கவேண்டும்.

இதை மகளிடம் நான் சொன்னது பாத் நகரத்தின் ரோமானியக் குளியல் மண்டபத்தில் நின்றபோது. பிரிஸ்டலிலிருந்து பக்கம்தான். அங்கே வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த ஈயத்தகடுகள் ஏறத்தாழ 130 இருக்கின்றன. ரோமானிய ஆட்சியில் அங்கே குளிக்க வந்தவர்கள், சூலிஸ் மினர்வா என்ற தேவிக்கு எழுதி, சுருட்டி, தண்ணீரில் போட்ட மனுக்கள். ஒருவருடைய குளியல் அங்கி போயிருக்கிறது, ஒருவருடைய மேலங்கி. டோசிமெடிஸ் என்ற மனிதருக்குக் காணாமல் போனது இரண்டு கையுறை. எடுத்தவனுடைய புத்தியும் கண்களும் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். சில தகடுகளில் சந்தேகப் பட்டியலே உண்டு, பெயர் பெயராக. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். கொல்லங்குடி வந்துவிட்டது! மகளுக்கு அவ்வளவு உற்சாகமில்லை. "கையுறைக்கா கண்ணக் கேப்பாங்க? ரொம்ப டாக்சிக்ப்பா" என்றாள்.

பின்னாலும் அந்த நாட்டுக்காரர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. 2004இல் லண்டன் கிரீனிச்சில் மூடி கழலாத பதினேழாம் நூற்றாண்டுச் சூனியப் புட்டி ஒன்று கிடைத்தது. ஆராய்ந்து பார்த்தால் உள்ளே இரும்பு ஆணிகள், பித்தளை ஊசிகள், தோலில் வெட்டிய ஒரு இதயம், நகத்துண்டுகள், மூத்திரம். மூத்திரத்தில் நிக்கோட்டின் இருந்ததால் ஆள் புகைபிடிப்பவர் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் பழைய செருப்பை ஒளித்துவைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். நார்தாம்டன் அருங்காட்சியகம் அவற்றுக்குப் பதிவேடே வைத்திருக்கிறது. நம் லாரியின் பின்னால் தொங்கும் செருப்புக்கு இன்னும் அந்த கௌரவம் கிடைக்கவில்லை. என் மகளுடைய புட்டியும் அந்தப் புட்டியின் பேத்திதான். ஆணி போய்க் கிராம்பு வந்திருக்கிறது, மூத்திரம் போய் லாவண்டர் எண்ணெய். அந்தப் புட்டி யாரையோ குத்துவதற்காகப் புதைக்கப்பட்டது. இது அலமாரிக்கு அழகாக இருக்கிறது.

சென்னையும் சும்மா இல்லை. காலை டிவியில் பில்லி, சூனியம், ஏவல் மூன்றுக்கும் ஒரே போன் நம்பர். ஆயுதபூஜை வந்தால் சாலையில் பூசணிக்காய் உடைத்து வண்டிகளை வழுக்கிவிழச் செய்யாதீர்கள் என்று வருடாவருடம் வேண்டுகோள் வருகிறது. தன் வண்டியின் திருஷ்டியைப் பின்னால் வருகிற வண்டிக்கு மாற்றிவிடும் இந்த ஏற்பாட்டில்தான் பழைய நேர்மை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எங்கள் அபார்ட்மெண்டில் குழந்தை பிறந்தால் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதில்லை, தோலுக்கு ஆகாதாம். படத்தை எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டு, கடைசியில் அந்த நீலக்கண் பொம்மையைப் போடுகிறார்கள். துருக்கிக்காரர்களின் கண்மணி, 2018 முதல் செல்போன் எழுத்துகளோடு வருகிறது. ஊர்க்கண் அத்தனையையும் அழைப்பு வைத்துக் கூப்பிட்டுவிட்டு, வாசலில் ஒரு கண்ணைக் காவலுக்கு நிறுத்துவது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அந்தக் காலம் ஒஸ்தி என்று முடிக்கவேண்டி வரும். மேலத்தெரு அத்தையைத் தெரியாதவர்கள் அப்படி முடிக்கலாம்.

அத்தையின் புருஷன் பாம்பு கடித்துச் செத்தார். பிள்ளை கிடையாது. அதன்பிறகு அவள் அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். இன்னொரு வீட்டில் மாடு கன்று போட்டு இறந்தது. போதாதா? அவள் தெருவில் வந்தால் தாய்மார்கள் முந்தானையால் பிள்ளைகளை மூடினார்கள். கதவுகள் சாத்தின. அத்தை நடுப்பகலில், கிணற்றடியில் ஆளில்லாதபோது தண்ணீருக்கு வரப் பழகிக்கொண்டாள். அவளை நிறுத்தி "நல்லாருக்கீகளாக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தவர் எங்கள் அப்பா ஒருவர்தான். அப்பத்தா கிள்ளிவரச் சொன்ன காலடி மண்ணில் பெரும்பங்கு அத்தை வாசல் மண். அண்டாவைத் திண்ணைக்குக் கொண்டுவந்த அதே பயம்தான் அவளைத் திண்ணையிலிருந்து உள்ளே தள்ளியது. ஜார்க்கண்டில் சூனியக்காரி என்று பெண்களை அடித்துக்கொல்வதைத் தடுக்க 2001இல் தனிச் சட்டம் போடவேண்டியிருந்தது. கிளாஸ்டன்பரியில் அதே பட்டத்தைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், எல்லா அளவிலும்.

ஆகவே கணக்கைச் சரியாக எழுதவேண்டும். பழைய சாபத்துக்கு முகவரி இருந்தது. அதனால் அண்டா திரும்பி வந்தது, அதனாலேயே ஒரு பெண்ணின் வாழ்நாள் நடுப்பகல் வெயிலில் போனது. புதிய சாபத்துக்கு முகவரி இல்லை. அதனால் யாருக்கும் நியாயம் கிடைப்பதில்லை, யாருடைய கதவும் சாத்தப்படுவதுமில்லை. பில் மட்டும் வருகிறது. என் மகளின் கிராம்புப் புட்டியைக் கேலிசெய்ய வாயெடுக்கும்போதெல்லாம் அத்தை நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்கிறேன். காசைக் கரியாக்குவது, பக்கத்து வீட்டுக்காரியைக் கரியாக்குவதைவிட நாகரிகம்தான்.

போன வாரம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். "உங்க அப்பத்தா சுத்திப்போடுவாங்கல்ல, அதுல என்னென்ன போடுவாங்க? கரெக்டா சொல்லுங்கப்பா, நம்ம டிரடிஷனை நாமளே மறந்துடக் கூடாது."

மிளகாய், உப்பு, கடுகு சொன்னேன். குறித்துக்கொண்டாள். தெருமண் என்றதும் நிறுத்தினாள். அவள் தெருவில் மண் கிடையாது, தார். ஒரு நிமிடம் தட்டித் தேடினாள், முகம் மலர்ந்தது.

"ஆன்லைன்ல இருக்குப்பா! முச்சந்தி மண், சின்ன பாட்டில்ல. இலவச டெலிவரி."

"எந்த ஊர் முச்சந்தி?"

"அது போடல. ஆனா ஆர்கானிக்னு போட்ருக்கு" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு பாட்டில் வாங்கினால் தள்ளுபடி என்பதால் இரண்டாக வாங்கினாள்.